குதிரையின் கால்களும் மனிதனின் கடனும்

'தரோபிரெட்' பந்தயக் குதிரை மனிதன் வேகத்துக்கென்றே உருவாக்கிய இனம். இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட மூன்று கீழைத்தேயக் குதிரைகளே அதன் ஆண்வழி மூதாதையர். 1791இல் அங்கு வம்சாவளிப் பதிவேடும் வெளிவந்தது. வம்சத்தைக் காத்தவர்கள் குதிரையைக் காத்தார்களா?

2008இல் அமெரிக்காவின் கென்ரக்கி டேர்பியில் இரண்டாவதாக வந்த 'எயிட் பெல்ஸ்' என்னும் மூன்று வயதுப் பெண் குதிரை, எல்லைக்கோட்டைத் தாண்டியபின் முன்னங்கால்கள் இரண்டும் முறிந்து வீழ்ந்தது. ஓடுதளத்திலேயே அதன் உயிரைப் போக்க நேர்ந்தது.

குதிரை ஓடுவதில் மகிழ்கிறதே என்பர் சிலர். உண்மைதான். ஆனால் எந்த வயதில், எவ்வளவு தூரம், யாருடைய பரிசுக்காக என்று தீர்மானிப்பது குதிரையன்று. தீர்மானிப்பவனே பொறுப்பாளி. படைப்பை ஆளும் உரிமை மனிதனுக்குண்டு. நொறுக்கும் உரிமை இல்லை. ஓடமுடியாத நாளிலும் அதற்குப் புல்லும் நிழலும் அளிப்பது தருமமன்று, கடன்.