கடன் சுமையும் விவேகமும்

பெங்களூரில் காக்ஸ் டவுனை ஒட்டி அமைந்திருக்கிறது ஜீவனஹள்ளி. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அமைத்த தண்டுப் பகுதிக்குப் பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தோர் அச்சுற்றுவட்டாரத்தில் இன்றும் வாழ்கின்றனர். ‘ஹள்ளி’ என்றால் கன்னடத்தில் சிற்றூர். ஜீவனம் என்ற சொல்லையே முன்னால் தாங்கிய இப்பெயர் தமிழ்க் காதுக்குப் பொருள் பொதிந்தது. ஏனெனில் உழைப்பாளர் வாழும் இத்தகைய குடியிருப்புகளில் மாதத்தின் இருபதாம் தேதிக்குப் பிறகு ஜீவனத்தை நடத்துவதே ஒரு தவம். வாடகையும் பள்ளிக் கட்டணமும் மருந்தும் சம்பள நாள் வரை காத்திருப்பதில்லை.

முன்பெல்லாம் அந்தப் பத்து நாட்களைத் தண்டல்காரர் நிரப்பினார். 8,500 ரூபாயைக் கையில் தந்து, நாளொன்றுக்கு 100 ரூபாயாக நூறு நாட்களில் 10,000 வசூலிப்பார். இப்போது கைப்பேசியே வட்டிக்கடையாகிவிட்டது. மாதம் 15,000 ரூபாய் ஈட்டும் ஒருவரை உதாரணமாகக் கொள்ளலாம். செயலி ஒன்றில் 5,000 ரூபாய் கேட்கிறார். ‘கட்டணம்’ என்று 1,500 பிடித்துக்கொண்டு 3,500 வந்து சேர்கிறது. ஏழாம் நாள் 5,000 கட்ட வேண்டும். ஒரே வாரத்தில் 43 சதவீதம். ஆண்டுக் கணக்கில் 2,200 சதவீதத்திற்கும் மேல். இதனை வட்டி என்பதா, கொள்ளை என்பதா! ஏழாம் நாள் பணமில்லை. முதல் கடனை அடைக்க இரண்டாவது செயலி, அதனை அடைக்க மூன்றாவது.

இவ்வலையின் முடிச்சு பணத்தில் இல்லை, வெட்கத்தில் இருக்கிறது. கைப்பேசியில் உள்ள உறவினர், நண்பர், முதலாளி ஆகியோரின் எண்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, ‘அனைவரிடமும் சொல்லிவிடுவோம்’ என்பதே இத்தகைய செயலிகளின் வசூல் முறை. 2021 ஜனவரியில் சென்னைக் காவல்துறையினர் இத்தகைய கடன் செயலி வழக்கொன்றில் இரு சீனர் உட்பட நால்வரைக் கைது செய்தபோது, மிரட்டல் அழைப்புகள் பெங்களூரில் இருந்த ஓர் அழைப்பு மையத்திலிருந்து சென்றது தெரியவந்தது. ஒருவன் தன் கடனை மறைக்க எவ்வளவு தூரம் விரும்புகிறானோ, அவ்வளவு தூரம் அவன் அடிமைப்படுகிறான்.

கடனின் வெட்கத்தை சுவாமி விவேகானந்தரும் அறிந்தவரே. 1884 பிப்ரவரியில் அவருடைய தந்தை விசுவநாத தத்தர் காலமானார். வரவுக்கு மிஞ்சிச் செலவு செய்த கொடையாளியான அவர் விட்டுச் சென்றது கடனே. கடன்காரர்கள் வாசலுக்கு வந்தனர். உறவினர் வீட்டுக்கே வழக்குத் தொடுத்தனர். நரேந்திரர் காலில் செருப்பின்றி வெயிலில் வேலை தேடி அலைந்தார். வீட்டில் உணவு போதாத நாட்களில், வெளியே விருந்துக்கு அழைத்திருப்பதாகத் தாயிடம் சொல்லிவிட்டுப் பட்டினி கிடந்தார். நண்பர்களிடமும் சொல்லவில்லை.

அப்போது குருதேவர் செய்த காரியம் சிந்திக்கத்தக்கது. நரேந்திரரின் நண்பர் ஒருவரிடம், அவனுடைய தந்தை இறந்துவிட்டார், குடும்பம் துன்பப்படுகிறது, நண்பர்கள் உதவினால் நல்லது என்று அவரே சொல்லிவிட்டார். நரேந்திரருக்குக் கோபம் வந்தது. ஏன் சொன்னீர்கள் என்று கடிந்துகொண்டார். குருதேவரின் கண்களில் நீர் பெருகியது. அவனுக்காக வீடு வீடாகப் பிச்சையெடுக்கவும் தயார் என்றார் அவர். பணத்தைத் தொடவும் இயலாத மகான், சீடனின் வறுமையை வெளியே சொல்வதில் இழுக்குக் காணவில்லை.

அன்னை ஸ்ரீசாரதாதேவியாரின் வாழ்விலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1886-இல் குருதேவர் மறைந்த பின் அன்னை காமார்புகூரில் தனியே வாழ்ந்தார். எவரிடமும் ஒரு காசுக்கும் கையேந்தாதே, கீரை பயிரிட்டுச் சோற்றோடு உண்டு வாழ் என்பது குருதேவரின் கட்டளை. சோற்றுக்கு உப்புமில்லாத நாட்களிலும் அன்னை அதனைக் காத்தார். ஆனால் செய்தி கல்கத்தா பக்தர்களின் காதுக்கு எட்டியதும், அவர்கள் துடித்துப்போய் அவரை அழைத்துச் சென்றனர். கையேந்தாமை வேறு, நேசிப்பவர்களுக்குத் தெரியாமல் தனியே அழிவது வேறு.

எனவே கடன்பட்ட இல்லறத்தார் செய்ய வேண்டிய முதற்காரியம், அன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாக் கடன்களையும் எழுதி மனைவியிடமோ கணவரிடமோ காட்டுவதாகும். கையில் வந்த தொகை, கேட்கும் தொகை, இதுவரை கட்டியது, கெடு நாள் ஆகியவற்றை ஒன்றையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். அடுத்து, கடனை அடைக்க மற்றொரு செயலியைத் திறப்பதில்லை என்ற சங்கல்பம். வட்டி மிகுந்ததை முதலில் தீர்க்க வேண்டும். அதற்காக வீட்டிலுள்ள குண்டுமணித் தங்கத்தை வங்கியில் அடகு வைப்பதும் விவேகமே. அங்கே வட்டி ஆண்டுக் கணக்கில், இங்கே வாரக் கணக்கில்.

பட்ட கடனைத் தீர்ப்பது தர்மம். அண்டை வீட்டார் தந்த 500 ரூபாயை மறப்பது பாவம். ஆனால் மிரட்டிப் பறிப்பவனுக்கு அஞ்சுவது தர்மமன்று. கடன் செயலிகள் கைப்பேசியின் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே விதித்துவிட்டது. கர்நாடக அரசு 2025 பிப்ரவரியில் அவசரச் சட்டமும் தொடர்ந்து சட்டமும் கொண்டுவந்து, வற்புறுத்தி வசூலிப்போருக்குப் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை விதித்துள்ளது. அதற்கு முன் நலிந்த பிரிவினர் பதிவு பெறாத நுண்கடன் நிறுவனங்களிடம் பெற்ற கடன்கள் தீர்ந்தனவாகவே கருதப்படும் என்றும் அது கூறுகிறது. மிரட்டல் வந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

செலவைக் குறைக்கும்படி ஏழைகளுக்கு உபதேசிப்பது எளிது; குழந்தையின் காய்ச்சலுக்கு வாங்கிய மருந்தை ஆடம்பரம் என்று எவரும் சொல்ல முடியாது. ஆயினும் காதுகுத்து விழாவுக்கும் மண்டபத்துக்கும் ஊர் மெச்ச வாங்கும் கடன் வேறு வகை. தட்சிணேசுவரத்தில் குருதேவர் நரேந்திரரைக் காளியிடம் பணம் கேட்க மும்முறை அனுப்பினார். மும்முறையும் அவர் கேட்டது ஞானமும் பக்தியும் விவேக வைராக்கியமுமே. இறுதியில் குருதேவர் அக்குடும்பத்துக்கு அருளியது எளிய சோற்றுக்கும் துணிக்கும் குறைவிராது என்பதே. செல்வத்தை வாக்களிக்கவில்லை. நரேந்திரரும் அதன்பின் வேலை தேடுவதை விட்டுவிடவில்லை. வழக்கறிஞர் அலுவலகத்திலும் பள்ளியிலும் உழைத்தார்.

கர்நாடகத்தவருக்கு நன்கு தெரிந்த ஒரு வழி உண்டு. பின்னாளில் சிண்டிகேட் வங்கி எனப் பெயர்பெற்று, 2020-இல் கனரா வங்கியுடன் இணைந்த உடுப்பி நிறுவனம், 1928-இல் ‘பிக்மி’ சேமிப்பைத் தொடங்கியது. முகவர் அன்றாடம் வீட்டுக்கு வந்து இரண்டணாவைப் பெற்றுச் செல்வார். தண்டலும் நாள்தோறும் வாசலுக்கு வருவதே. பணம் போகும் திசைதான் வேறு. இத்தகைய சேமிப்பு அங்குள்ள கூட்டுறவுச் சங்கங்களில் இன்றும் வழக்கில் உள்ளது. கடைசித் தவணை தீர்ந்த மறுநாள், தண்டலுக்குக் கொடுத்துப் பழகிய அதே வேளையில், நூறுக்குப் பதில் இருபது ரூபாயை எடுத்து வைத்தால் ஓராண்டில் 7,300 ரூபாய் சேரும். செயலியிடம் கேட்க நேர்ந்த 5,000 ரூபாய் அதற்குள் அடக்கம்.