அழைத்தால் வரும் பறவை

மூணாறைச் சுற்றியுள்ள சோலைக்காடுகளில் வெள்ளைவயிற்றுச் சோலைக்கிளி என்றொரு சிறு பறவை வாழ்கிறது. பெயரில் கிளி இருந்தாலும் அது ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்தது. சிட்டுக்குருவியைப் போன்ற அளவு, கருநீல உடல், வெண்ணிற வயிறு, கண்ணுக்கு மேலே வெளிர்நீலக் கீற்று. சருகுத் தரையை ஒட்டி இரை தேடும். இருண்ட புதரைவிட்டு எளிதில் வெளியே வராது. அதை வெளியே வரவழைக்கக் கேமராக்காரர்களிடம் ஒரு வழி இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் ப்ளூடூத் ஸ்பீக்கரைப் பாசி படிந்த கல்லின்மேல் வைத்துவிட்டு, கைப்பேசியிலிருந்து அதே இனத்து ஆணின் பாட்டை ஒலிக்கவிடுவார்கள். சற்று நேரத்தில் பறவை வந்து கிளையில் நிற்கும். நிமிர்ந்து நின்று, வாலை விரித்து, தொண்டை துடிக்கப் பாடும். படம் பிரமாதமாக விழும்.

படத்தைப் பார்ப்பவருக்கு அது ஆனந்தப் பாட்டு. பறவைக்கோ அது எல்லைத் தகராறு. தன் வீட்டுக்குள் வேறொரு ஆண் புகுந்துவிட்டது என்று நம்பித்தான் அது இரை தேடுவதை விட்டுவிட்டு ஓடிவருகிறது. வந்து பார்த்தால் விரட்ட எதிரி இல்லை. குரல் மட்டும் கேட்கிறது. தேடுகிறது, மறுபடி பாடுகிறது, இடம் மாறி உட்கார்ந்து மீண்டும் தேடுகிறது. ஒரு குழு போனதும் அடுத்த ஜீப் வந்து நிற்கிறது.

இதில் யாரும் பறவையைக் கொல்லவில்லை, ஒரு சிறகுகூட உதிரவில்லை. வந்தவர்கள் பறவைமேல் ஆசை கொண்டவர்கள். அவர்களில் பலர் பருவநிலை மாற்றத்தைப் பற்றி உண்மையாகவே கவலைப்படுகிறவர்கள். வீட்டில் பிளாஸ்டிக் வாங்குவதைக் குறைத்தவர்கள், மொட்டைமாடியில் பறவைகளுக்குத் தண்ணீர் வைப்பவர்கள். அப்படியிருக்க இதில் தவறு என்ன என்று கேட்பது நியாயமான கேள்விதான். நேசிப்பதாலேயே ஒன்றை அருகில் போய்ப் பார்க்க உரிமை வந்துவிடுமா என்பது அதற்குள் இருக்கும் இன்னொரு கேள்வி.

சோலைக்கிளியின் நிலைமையை அறியாமல் இதற்கு விடை சொல்ல முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய்தான். சுமார் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாமல் வயலும் தென்னையும் பனையுமாகக் கிடக்கிறது. வாகனங்களுக்கு அது வழி. குளிர்ந்த சோலையைவிட்டு இறங்காத பறவைக்கு அது கடல். கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் வாழும் சோலைக்கிளி ஓர் இனம், தெற்கே ஆனைமலை, பழனி, மூணாறு மலைகளில் வாழ்வது வேறோர் இனம். வி.வி. ராபினும் அவருடன் பணியாற்றியவர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இவற்றைச் சோலிகோலா என்ற தனிப் பேரினமாகவே வகுத்தது. உலகில் வேறெங்கும் இப்பேரினம் இல்லை. இந்தப் பறவைகள் பெரும்பாலும் 1400 மீட்டருக்கு மேலேதான் வாழ்கின்றன. அந்த உயரத்திலும் தேயிலையும் சீகை மரமும் யூகலிப்டசும் போக மிச்சம் கிடக்கும் சோலைத் துண்டுகளே அவற்றின் வீடு.

பூமி சூடேறினால் மலைப்பறவைகள் குளிர்ச்சி தேடி மேலே நகரும். தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் ஒரு மலைத்தொடரில் 1985இல் கணக்கெடுத்த பறவைகளை 2017இல் அதே இடங்களில் மீண்டும் கணக்கெடுத்தார்கள். பல இனங்கள் மேலே போயிருந்தன. உச்சியை ஒட்டி வாழ்ந்தவற்றில் சில காணவே இல்லை. அவற்றுக்கு மேலே போக மலை மிச்சமில்லை. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2695 மீட்டர்தான். சோலைக்கிளிக்கு ஏறிப் போகவும் வழியில்லை, கணவாயைத் தாண்டிப் போகவும் வழியில்லை. இப்படி நெருக்கப்பட்ட உயிரிடமிருந்து அரைமணி நேர இரைதேடலைப் பறிப்பது எளிய விஷயமாகத் தோன்றவில்லை. வளமான காட்டில் அடுத்த அரைமணியில் ஈடுகட்டிவிடக்கூடிய இழப்பு, ஓரத்தில் நிற்கும் உயிருக்கு அப்படியே நின்றுவிடலாம். பருவநிலைக் கவலை உள்ளவர்தான் இதை மற்றவர்களைவிட முன்னதாக உணர வேண்டியவர்.

மறுதரப்பின் வாதங்களும் வலுவானவை. படங்கள்தான் மக்களைக் காட்டின் பக்கம் திருப்புகின்றன என்பது முதல் வாதம். ஓரளவு உண்மை. ஆனால் பாலக்காடு மாவட்டத்தின் வரலாறு வேறொன்றையும் சொல்கிறது. அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே அணை வரவிருந்த 1970களில், அந்தக் காட்டை ஒருமுறைகூடப் பார்த்திராத ஆயிரக்கணக்கானோர் அதற்காக எழுந்து நின்றார்கள். மக்கள் அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் ஊர் ஊராகப் போய் விளக்கியது. கவிஞர் சுகதகுமாரி எழுதினார், மேடையேறினார், அரசின் கதவைத் தட்டினார். 1984இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அங்கு வாழும் சிங்கவால் குரங்கை நேரில் கண்டதில்லை, காண வேண்டும் என்று அடம்பிடிக்கவும் இல்லை. ஓர் உயிரை நெருங்கிப் பார்த்தால்தான் அன்பு பிறக்கும் என்ற நம்பிக்கையை அந்தப் போராட்டம் பொய்யாக்கிவிட்டது.

அடுத்தது அறிவியல். ஆய்வாளர்களும் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவை கணக்கெடுப்பதுண்டு. ஆனால் அவர்கள் ஒரு கேள்வியோடு, அனுமதியோடு, இத்தனை நிமிடம் என்ற கட்டுப்பாட்டோடு போகிறார்கள். விடை கிடைத்ததும் நிறுத்திவிடுகிறார்கள். விடுமுறைக் கூட்டத்துக்கு அப்படியொரு நிறுத்தம் கிடையாது. தெளிவான படம் கிடைத்த பிறகும் இன்னும் தெளிவான படம் வேண்டும்.

பறவை பறந்து போகவில்லையே, அப்படியானால் தொந்தரவு இல்லை என்றுதானே பொருள் என்பார்கள். இந்த வாதத்தை அடிக்கடி கேட்கலாம், இதுவே மிகவும் தவறானது. இடுக்கி மலையடிவாரத்தில், எர்ணாகுளம் மாவட்டத் தட்டேக்காட்டில், 1983இல் அமைந்த பறவைகள் சரணாலயத்துக்கு வருவோர் தவறாமல் தேடுவது தவளைவாயன் என்னும் இரவுப் பறவையை. பகலில் காய்ந்த இலை நிறத்தில் கிளையோடு கிளையாக ஒட்டி உட்கார்ந்திருக்கும். பாசியும் தன் மென்சிறகும் சேர்த்து, மேலே மரப்பட்டையும் மரப்பாசியும் போர்த்திய சின்னஞ்சிறு திட்டுதான் அதன் கூடு. அதில் ஒரே ஒரு முட்டை. பகலில் ஆண்பறவை அடைகாக்கும். உட்கார்ந்துவிட்டால் கூடு இருப்பதே தெரியாது. ஆள் நெருங்க நெருங்க அது இன்னும் அசையாமல் போகும், அலகை மேலே தூக்கி முறிந்த கிளையாகவே மாறிவிடும். அசையாதிருப்பது அதன் தற்காப்பு. அந்த நிலையில் அது எத்தனை அஞ்சுகிறது என்பது லென்ஸுக்குத் தெரியாது. அந்த ஒற்றை முட்டையை விட்டு அது எழுந்து போனால், அந்தக் கிளையில் அந்த ஆண்டின் முயற்சி அதோடு முடிந்துபோகக்கூடும். ஓர் உயிரின் அசைவின்மையைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதற்கு மனிதருக்குள்ளே யாரும் இடம் கொடுப்பதில்லை. பறவையிடம் மட்டும் ஏன் எடுத்துக்கொள்கிறோம்?

கூடு விஷயத்தில் சட்டம் நம் மனச்சாட்சியைவிட முன்னே போயிருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்கு வகுத்த வரையறையில், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடக்கம். துப்பாக்கி தூக்கியவனுக்கும் கூட்டருகே இலைகளை ஒதுக்கிவிட்டு முக்காலி நட்டவருக்கும் சட்டம் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. கேமராக்காரர்களில் எத்தனை பேர் இதை அறிவார்கள்?

நெல்லியாம்பதியிலும் பரம்பிக்குளத்திலும் வாழும் பெரிய இருவாச்சியை எடுத்துக்கொள்வோம். கேரளத்தின் மாநிலப் பறவை. மலையாளத்தில் மலமுழக்கி வேழாம்பல். பெண்பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் உள்ளேயே இருந்து முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும். வெளியே மிஞ்சுவது அலகு நுழையும் ஒரு பிளவு மட்டும். ஆண்பறவை அத்திப்பழம் கொண்டுவந்து அந்தப் பிளவு வழியே ஊட்டினால்தான் உள்ளே உயிர். மரத்தடியில் ஆட்கள் நின்றால் ஆண் தொலைவிலேயே தயங்கி நிற்கும், சில நேரம் திரும்பிவிடும். கீழே காத்திருப்பவருக்கு அது ஒரு நல்ல படம் கைநழுவிய காலை. பொந்துக்குள் அது ஒருவேளைச் சோறு.

பரம்பிக்குளத்தை அடுத்துள்ள வாழச்சால் காடுகளில் காடர் பழங்குடியினர் இந்தக் கூடுகளைக் காத்துவருகிறார்கள். காட்டில் தேன் எடுக்கப் போய்வந்தவர்களுக்கு எந்த மரத்தில் எந்த ஆண்டு இருவாச்சி அடைந்தது என்பது தெரியும். ஒரு காலத்தில் அந்த அறிவு குஞ்சுகளைப் பிடிக்கவும் பயன்பட்டது. 2000களின் நடுவிலிருந்து அதே அறிவு கூடுகளைக் கண்காணிக்கப் பயன்படுகிறது. அவர்களும் பார்க்கிறார்கள், நகரத்திலிருந்து வரும் எவரையும்விட அதிக நேரம் பார்க்கிறார்கள். எட்ட நின்று, கூடு என்ன ஆனது என்று அறிவதற்காகப் பார்க்கிறார்கள். அவர்கள் பார்ப்பதால் பறவைக்கு நன்மை விளைகிறது. அவர்களோடு ஒப்பிட்டால், பார்ப்பதற்கென்றே காடு தேடிப் போகிறவர்களின் கணக்கு கடன் பக்கமே நிற்கிறது. அறநெறியின் தராசில் இந்த ஒரு வேறுபாடு மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது.

பயணத்தின் கரியமில வாயுவையும் பேச வேண்டும், அதிகம் பேச வேண்டியதில்லை. கோயம்புத்தூரிலிருந்து உடுமலை, சின்னார், மறையூர் வழியாக மூணாறு போய்த் திரும்பினால் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடும் கார் அதற்குள் ஐம்பது கிலோவுக்கு நெருக்கமாகக் கரியமில வாயுவை விட்டிருக்கும். மலையைக் குடைந்து சாலை அகலப்படுத்துவதற்கும் சரிவில் விடுதி கட்டுவதற்கும் முன்னால் இது சிறு பாவம். பறவை பார்க்க வந்தவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. ஆனாலும் ஒரே பறவையின் இன்னொரு படத்துக்காக நான்காம் முறை மலையேறும்போது, சூடேறும் மலையைப் பற்றிய கவலைக்கும் அந்தப் பயணத்துக்கும் இடையே உள்ள முரணை அவரவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த முரண் இல்லாத பறவை பார்த்தலும் உண்டு. பாலக்காடு மாவட்டக் காவசேரியில் பிறந்த கே.கே. நீலகண்டன், இந்துசூடன் என்ற பெயரில் 1958இல் எழுதிய கேரளப் பறவைகள் பற்றிய மலையாள நூல், தலைமுறைகளுக்குப் பறவை பார்க்கக் கற்றுக்கொடுத்தது. வாசலில் நின்று, வேலியோரம் நின்று, கண்ணால் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதும் பழக்கம் அப்படி வளர்ந்தது. அவருடைய நினைவாகவே அதே மாவட்டத்துச் சூலனூரில் மயில் சரணாலயம் இருக்கிறது. அந்த மயிலே இன்று ஒரு செய்தி. ஈரமான கேரளத்தில் ஒருகாலத்தில் அரிதாயிருந்த மயில் இப்போது வயல்வெளியிலும் தென்னந்தோப்பிலும் வீட்டுக் கூரையிலும் திரிகிறது. வறண்ட நிலத்துப் பறவையின் பெருக்கம் மாநிலம் வறண்டுவருவதன் அடையாளம் என்று கேரள வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் எழுதினார்கள். இப்போது மாநிலப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு மயிலுக்கு ஏற்றதாக இருக்கிறது, 2050 வாக்கில் அது ஏறத்தாழப் பாதியாகலாம் என்பது அவர்கள் கணிப்பு. 2024 ஏப்ரலில் பாலக்காட்டுக்கு வானிலைத் துறை வெப்ப அலை எச்சரிக்கை விடுத்தபோது அந்த வயல்களில் நின்றவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மயிலின் வரவை நாளும் தேதியுமாகக் குறித்து வைக்கக் காடேற வேண்டாம், ஆயிரக்கணக்கான ரூபாய் லென்ஸும் வேண்டாம். 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் மாநிலம் முழுக்கக் கட்டம் கட்டமாகப் பிரித்து எண்ணி, கேரளப் பறவை வரைபடத்தை உருவாக்கினார்கள். காகமும் மைனாவும் கொண்டலாத்தியும் அதில் இருவாச்சிக்குச் சமமாக எண்ணப்பட்டன. பொங்கலையொட்டித் தமிழ்நாட்டிலும் ஓணத்தையொட்டிக் கேரளத்திலும் இப்படி ஆண்டுதோறும் எண்ணுகிறார்கள். கால் மணி நேரம் வாசலில் நின்றால் ஒரு பட்டியல் ஆயிற்று. சூடேறும் உலகில் எந்தப் பறவை எங்கே நகர்கிறது என்று நாளை அறியப்போவது இந்தப் பட்டியல்களைக் கொண்டுதான். அரிய பறவையின் கூட்டிடத்தை வலைத்தளத்தில் பகிராமல் இருப்பதும் இந்தப் பொறுப்பில் சேர்ந்தது. பட்டியல்களைச் சேகரிக்கும் இபேர்ட் தளமே சில இனங்களின் இடத்தைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது.

காட்டுக்கே போகக் கூடாது என்று சொல்வதில் அர்த்தமில்லை. மூணாறிலும் தட்டேக்காட்டிலும் நெல்லியாம்பதியிலும் பறவை காட்டிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு எஸ்டேட் கூலியை விட்டால் கௌரவமான வேறு வருமானம் இதுதான். பறவை உயிரோடு இருந்தால்தான் தங்களுக்குப் பிழைப்பு என்பதை நம்மைவிட நன்கு அறிந்தவர்கள் அவர்கள். ஆனால் காசு கொடுத்து வந்தவர் முகம் சுளிக்கும்போது ஸ்பீக்கரை எடுக்க மாட்டேன் என்று சொல்லும் துணிவை அவர்களிடம் எதிர்பார்ப்பது அநியாயம். அந்தச் சுமை வாடிக்கையாளருடையது. எரவிகுளம் தேசியப் பூங்காவை வரையாடு குட்டி போடும் காலத்தில், பிப்ரவரி, மார்ச் மாதங்களில், ஆண்டுதோறும் மூடுகிறார்கள். வருமானம் குறைகிறது என்று தெரிந்தே மூடுகிறார்கள். வந்தவர்களும் அதை ஏற்றுத் திரும்புகிறார்கள். கூடு கட்டும் பறவைக்கும் அதே மரியாதையை வனத்துறை விதியாக்கலாம். விதி வரும்வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் நமக்கில்லை. அடுத்த முறை மலைக்குப் போகிறவர்கள் ஜீப்பில் ஏறும் முன்பே வழிகாட்டியிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: ஸ்பீக்கர் வேண்டாம், கூட்டுப் பக்கம் போக வேண்டாம், பறவை வராவிட்டாலும் பேசிய கூலி முழுசாக உண்டு.