அலைக்கோணமும் கருதலளவையும்

சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் அறிவின் வழிகளாகக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளைக் கொள்கிறது. இவற்றுள் கருதல் என்பது, மலைமேல் எழும் புகையைக் கொண்டு கண்ணுக்குத் தெரியாத நெருப்பைத் துணிவதாகும். செல்பேசியின் இருப்பிடத்தை அலை வந்துசேரும் கோணத்தால் கணிப்பதும் இவ்வகை அறிவே. கோபுரத்தில் வரிசையாக அமைந்த ஆன்டெனாக்களை ஒரே அலை மிகச்சிறு காலவேறுபாட்டுடன் தொடுவதால், கட்டம் எனப்படும் அதன் ஏற்ற இறக்க நிலை ஒவ்வொன்றிலும் சற்றே மாறுபட, அம்மாறுபாடு திசையைத் தருகிறது. இரு கோபுரங்களின் திசைக்கோடுகள் வெட்டும் புள்ளியே இடமாகக் கொள்ளப்படுகிறது. ஒரு பாகை பிழைத்தாலும் 5 கி.மீ. தொலைவில் ஏறத்தாழ 87 மீட்டர் விலகிவிடும்.

தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல் போன்ற பாறைப் பள்ளத்தாக்கில் நேர்வழி மறைபட்டு, எதிர்ப்பாறையில் பட்டுத் திரும்பிய அலை மட்டுமே கோபுரத்தை அடையுமானால், கணிப்பு அப்பாறையின் திசையையே செல்பேசியின் திசையாகக் காட்டும். மூடுபனியைப் புகையென மயங்கி நெருப்பைத் துணிவதற்கு இது நிகர். அளவை நூலார் இதனை ஏதுப்போலி, அதாவது காரணம்போல் தோன்றிக் காரணமாகாதது என்பர். அலை பொய்யன்று, அது நேரே வந்தது என்ற எண்ணமே பொய்.

கணிப்பு பிழையற்றதாயினும் கிடைப்பது கருவியின் இடமே. திண்ணையில் மறந்து வைத்த செல்பேசி, ஆடு மேய்க்கக் காட்டுக்குப் போனவரை வீட்டில் இருப்பவராக்கிவிடும். கருவியிலிருந்து ஆளுக்குச் செல்லும் அந்த இரண்டாம் கருதலுக்குத் தனிச் சான்று வேண்டும் என்பதை, ஒருவர்மீது குற்றம் சுமத்தும் வேளையில் மறப்பது பெரும் அநீதி.