பாதி வாக்கு

கானாவில் 2020 டிசம்பர் 7 அன்று அதிபர் தேர்தலும் நாடாளுமன்றத் தேர்தலும் ஒன்றாக நடந்தன. சான்ட்ரோகோஃபி, அக்பாஃபு, லிக்பே, லோலோபி ஆகிய நான்கு வட்டாரத்து மக்களால் அதிபர் தேர்தலில் மட்டுமே வாக்களிக்க முடிந்தது. நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்கு அனுமதி இல்லை என்று தேர்தல் ஆணையம் அறிவித்தது முந்தைய நாள்தான்.

ஆணையம் சொன்ன காரணம் பொய்யல்ல. ஒரே தொகுதி இரண்டு மாகாணங்களில் பரவக் கூடாது என்கிறது கானாவின் அரசியல் சட்டம். வோல்டாவிலிருந்து 2019இல் ஓட்டி மாகாணம் பிரிந்தபோது இந்த வட்டாரங்கள் ஓட்டிக்குப் போயின. அவர்கள் வாக்களித்து வந்த ஹோஹோய் தொகுதி வோல்டாவிலேயே நின்றுவிட்டது. பழையபடி அங்கே வாக்களிக்க விட்டிருந்தால் அந்தத் தொகுதியின் தேர்தல் முடிவையே எதிர்த்து வழக்குத் தொடுக்க வழி பிறந்திருக்கும்.

ஆனால் பதினெட்டு வயது நிரம்பிய குடிமக்களுக்கு வாக்குரிமை தருவதும் அதே சட்டம்தான். மக்களுக்குத் தெளிவான பிரதிநிதி கிடைக்கத்தான் தொகுதிக்கு எல்லை வகுக்கிறார்கள். பிரதிநிதியையே பறித்து எல்லையைக் காப்பாற்றியதை எப்படி நியாயம் என்பது? புதிய மாகாணம் பிறந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. சிக்கல் வரைபடத்திலேயே தெரிந்தது. காலத்தில் புதிய தொகுதி வகுக்காதவர்கள் அதிகாரிகள். இழந்தவர்களோ அந்தத் தவற்றில் எந்தப் பங்கும் இல்லாத ஊர்க்காரர்கள். இதில் கட்சிச் சதி இருந்ததா என்பது வேறு விவாதம். சதியே இல்லையென்றாலும் அநீதி குறையவில்லை.

நாடு முழுவதற்குமான தேர்தலில் நான்கு வட்டாரங்கள் ஒரு பொருட்டா என்று கேட்பவர்களும் உண்டு. அந்த நாடாளுமன்றத்தில் இரண்டு பெரிய கட்சிகளும் தலா 137 இடங்கள் பெற்றன. மீதி ஒருவர் சுயேச்சை. 2021 நவம்பரில் வரவுசெலவுத் திட்டம் ஒருமுறை நிராகரிக்கப்பட்டு, சில நாட்களில் எதிர்க்கட்சி இல்லாத அவையில், தலைமை தாங்கிய துணைச் சபாநாயகர் தன்னையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்ட பிறகே நிறைவேறியது. ஒவ்வொரு தலையும் எண்ணப்பட்ட அவையில் இவர்களுக்கு மட்டும் ஆள் இல்லை.

2024இல் குவான் என்ற புதிய தொகுதியாக அவர்கள் வாக்களித்துத் தங்கள் உறுப்பினரை அனுப்பினார்கள். மின்னணுப் பணப்பரிமாற்ற வரி உட்பட, இடைப்பட்ட நான்கு ஆண்டுகளின் சட்டங்கள் அவர்களையும் கட்டுப்படுத்தியிருந்தன. தொகுதி தந்ததோடு கடன் தீர்ந்ததாகக் கொள்ள முடியாது. யார், எப்போது, எதைச் செய்யாமல் விட்டார்கள் என்று அந்த மக்களுக்கு எழுத்தில் விளக்கும் கடமை இன்னும் அரசுக்கு இருக்கிறது.