அயலார் அப்பம்

பள்ளி விடுமுறை நாளொன்றில், ஐம்பத்தைந்து ஆண்டுகளாகச் சமையலறை வாயிற்படியோடு நின்றுவிட்ட நான், அதனைக் கடந்து உள்ளே சென்றேன். அடிலெய்டு நகரில் பயிலும் என் மகள், ஆஸ்திரேலிய உணவு சிலவற்றின் செய்முறைகளைத் தன் கைப்பட எழுதி அனுப்பியிருந்தாள். அவற்றுள் மிக எளியதாகத் தோன்றியது 'டாம்பர்' என்னும் அப்பம். கோதுமை மாவு, உப்பு, தண்ணீர், அவ்வளவே. மந்தைகளை ஓட்டிக்கொண்டு நாட்கணக்கில் காட்டுவெளியில் நடந்த குடியேறிகள், நெருப்பு மூட்டி, அது தணிந்தபின் பிசைந்த மாவைச் சாம்பலுக்குள் புதைத்துச் சுட்டு உண்ட அப்பம் அது. இக்காலத்தார் சோடா மாவும் வெண்ணெயும் பாலும் சேர்த்து ஓவனில் சுடுகின்றனர். நானும் அவ்வாறே செய்தேன். மேற்பகுதி பாறையாகவும் உட்பகுதி களியாகவும் வந்தது. என் துணைவியார் ஒன்றும் சொல்லாமல் தேநீரில் தோய்த்து உண்டு முடித்தார். அவர் பெருமை அது.

மறுவாரம் 'அன்சாக்' பிஸ்கட். முதல் உலகப் போரில் கலிப்போலிக் கரையில் பொருத ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினரைக் குறிக்கும் பெயர் அது. ஓட்ஸ், கோதுமை மாவு, சீனி, தேங்காய்த் துருவல், வெண்ணெய், சோடா மாவு, 'கோல்டன் சிரப்' என்னும் பொன்னிறப் பாகு ஆகியவை வேண்டும், முட்டை கிடையாது. அன்று கடையில் பாகு கிட்டவில்லை. குலா மலாக்காவைக் காய்ச்சி ஊற்றினேன். மணம் வீடெங்கும் பரவியது. மகளிடம் தொலைபேசியில் பெருமையோடு சொன்னபோது, "அப்பா, நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதற்கு அந்தப் பெயர் வைக்காதீர்கள்" என்றாள்.

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. 'அன்சாக்' என்ற சொல்லுக்கு 1921ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் சட்டப் பாதுகாப்பு உண்டு. அப்பெயரில் பிஸ்கட் விற்போர் மரபான செய்முறையினின்று பெரிதும் விலகலாகாது. 'குக்கி' என்று அழைக்கவும் கூடாது. வீட்டில் சுடுவோரை எச்சட்டமும் தேடி வாராது. எனினும் என் மனத்தில் ஒரு வினா எழுந்தது. பிறிதோர் இனத்தாரின் உணவை நம் அடுப்பில் சமைக்கும்போது, அவர்களுக்கு நாம் ஏதேனும் கடன்பட்டவர் ஆகின்றோமா? ஆகின்றோம் எனின், அக்கடன் யாது?

பொருளை மாற்றாமலிருப்பதே அக்கடன் என்று சிலர் கூறக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. பொருள் மாறாத உணவு உலகில் எங்கே உள்ளது? அமெரிக்கக் கண்டத்து மிளகாய் வந்து சேராதிருந்தால், இன்று நாம் மரபு என்று போற்றும் குழம்புகளில் பாதி இருந்திரா. டாம்பரின் கோதுமையும் ஆஸ்திரேலிய மண்ணில் தோன்றியதன்று, கப்பலேறி வந்தது. குலா மலாக்காவால் யாருக்கும் இழுக்கில்லை என்றே இன்றும் கருதுகிறேன். கடன் வேறோர் இடத்தில் இருக்கிறது. அதனை எனக்கு உணர்த்தியது ஒரு பழைய வரலாறு.

1860ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், பர்க், வில்ஸ் என்போர் தலைமையில் ஒரு குழு மெல்பர்ன் நகரினின்று புறப்பட்டது. ஆஸ்திரேலியாவைத் தெற்கிலிருந்து வடக்கே கடப்பது நோக்கம். வடகடலோரம்வரை சென்று, 1861 ஏப்ரல் 21ஆம் நாள் மாலையில், கூப்பர் ஓடையருகே இருந்த தம் பாசறைக்கு மூவர் திரும்பினர். அங்கே காத்திருந்தோர் அன்று காலையில்தான் புறப்பட்டுப் போயிருந்தனர். அதன்பின் அம்மூவரும் ஓடைக்கரையில் தவித்தனர். அங்கு வாழ்ந்த யாண்ட்ருவாந்தா மக்கள் அவர்களுக்கு மீனும் 'நார்டு' என்னும் அப்பமும் அளித்தனர். நார்டு வேறொன்றுமில்லை, நாம் ஆரைக்கீரை என்றழைக்கும் நாலிலைச் செடியின் இனத்தைச் சேர்ந்தது. அதன் விதை போன்ற காய்களை அரைத்து மாவாக்குவர். பர்க்கோ, உணவளித்த கைகளையே ஐயுற்று, துப்பாக்கியை வெடித்து அவர்களை விரட்டினார். பின்பு அம்மூவரும் தாமே நார்டுவைத் தேடிப் பொறுக்கி, இடித்து, உண்டனர். வயிறு நிறைந்தது, உடல் மெலிந்தது. ஏறத்தாழ ஜூன் இறுதியில் பர்க்கும் வில்சும் மாண்டனர். மூன்றாமவரான ஜான் கிங், யாண்ட்ருவாந்தா மக்களிடமே அடைக்கலம் புகுந்தார். அவர்கள் அவரை ஏற்று உணவூட்டினர். செப்டம்பரில் தேடிவந்த குழுவினர் அவரை உயிரோடு கண்டனர்.

அதே செடி, அதே மாவு. ஒருவருக்கு உணவானது மற்றவருக்குச் சாவானது ஏன்? நார்டுவில் பி1 என்னும் உயிர்ச்சத்தை அழிக்கும் பொருளொன்று உண்டு எனவும், அம்மண்ணின் மக்கள் நீர்விட்டு அரைத்துப் பக்குவப்படுத்தும் முறை அதன் தீமையை அடக்கியது எனவும், அம்முறையை விட்டதால் பர்க்கும் வில்சும் பெரிபெரி நோயுற்றிருக்கக்கூடும் எனவும் ஆய்வாளர் இருவர் 1994இல் விளக்கினர்.

பெரிபெரி என்றதும் நம் நாட்டு வரலாறு நினைவுக்கு வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் தீட்டிய வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளர் பலர் இந்நோயால் மடிந்தனர். புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரை அது பெரும்பாலும் அண்டவில்லை. கோலாலம்பூரில் வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் இவ்விருவகை அரிசியையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, 1907இல் முடிவை வெளியிட்டார். நெல்லை அவித்து உலர்த்திய நம் பாட்டிமார் உயிர்ச்சத்தின் பெயரை அறிந்தவரல்லர். அறிவு அவர்கள் கைகளில் இருந்தது.

செய்முறைத் தாளில் பொருளும் அளவும் நேரமும் உண்டு. அம்முறையைக் கண்டறியத் தலைமுறை தலைமுறையாக உழைத்த கைகள் அதில் இல்லை. மகள் அனுப்பிய தாளில் டாம்பரின் வரலாறு மந்தை ஓட்டியவனிடமிருந்து தொடங்குகிறது. ஆனால், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கட்டி ஸ்பிரிங்ஸ் என்னுமிடத்தில் கிடைத்த அரைக்கும் கற்கள் ஏறக்குறைய முப்பதாயிரம் ஆண்டுப் பழைமை உடையன. அந்நாட்டுத் தொல்குடிப் பெண்கள் காட்டுப்புல்லின் விதைகளைத் தூற்றி, நீர்விட்டு அரைத்து, சாம்பலில் அப்பம் சுட்டனர். குடியேறிகள் அவர்களைப் பார்த்துத்தான் டாம்பர் சுடக் கற்றார்கள் என்று நான் வாதிடவில்லை. ஒன்று மட்டும் உறுதி: வந்தவர்களின் ஆடுமாடுகள் அப்புல்வெளிகளை மேய்ந்தழித்தன. தம் விதையைத் தாமே அரைத்து உண்ட மக்கள், பின்னாளில் பண்ணைகளிலும் சமயப் பரப்பு நிலையங்களிலும் பங்கீடாகத் தரப்பட்ட வெள்ளை மாவுக்கும் சீனிக்கும் தேயிலைக்கும் கையேந்தி நின்றனர். அம்மாவில் அவர்களும் டாம்பர் சுட்டனர். என் தேநீர்த் தட்டில் கிடந்த அப்பத்துக்கு இப்படியும் ஒரு பின்னணி உண்டு.

இவ்விடத்தில் என் குற்றமொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு வகுப்பில் பர்க், வில்ஸ் கதையை நடத்தினேன். உயிரைத் துச்சமாக மதித்த வீரர் எனவும், பாலைநிலத்தில் பசியால் மாண்டனர் எனவும் உருக்கமாகக் கூறினேன். அங்கு வாழ்ந்த மக்களைப் பற்றி ஒரே வாக்கியம் சொன்னேன்: அவர்கள் மாவரைக்கவும் அறியாத நாடோடிகள். பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்த விரிவுரையாளர் பாடத்தைப் பாராட்டினார். நான் அதை எந்த நூலிலும் படித்திருக்கவில்லை, படித்ததாக எண்ணிக்கொண்டேன். அந்த முப்பத்தைந்து பிள்ளைகளும் இன்று எங்கெங்கோ இருக்கின்றனர். அவர்களைத் தேடிச் சென்று திருத்த இயலாது. பர்க் மாவை எடுத்துக்கொண்டு முறையை விட்டார். நான் கதையை எடுத்துக்கொண்டு மனிதரை விட்டேன். இரண்டுக்கும் எவ்வளவு தொலைவு?

பள்ளி திறந்தபின், ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆசிரியர் வராத ஒரு பாடவேளை கிடைத்தது. முன்னினும் சற்று மென்மையாக வந்திருந்த டாம்பரைத் துண்டுகளாக்கிக் கொண்டு சென்றேன். அது தோட்டத்து ரொட்டி போலிருக்கிறது என்றனர் சிலர். சம்பல் உண்டா எனக் கேட்டான் ஒருவன். ஆரைக்கீரையின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, ஓடைக்கரை வரலாற்றை இம்முறை யாண்ட்ருவாந்தா மக்களிடமிருந்து தொடங்கினேன். முடித்தபோது முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கையுயர்த்தினாள்.

"ஐயா, துப்பாக்கியைக் காட்டி விரட்டினார்களே, பிறகும் அந்த மக்கள் ஏன் கிங்குக்குச் சோறு போட்டார்கள்?"

சொற்களைத் தேடிக்கொண்டு நின்றேன். மணி அடித்துவிட்டது. மறுநாள் சொல்வதாகக் கூறி, வெறுந்தட்டை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குத் திரும்பினேன்.