வந்தவர் பேச்சும் இருந்தவர் சிரிப்பும்

புதிதாகக் குடிவந்தவனின் பேச்சைக் கேட்டுச் சிரிப்பது குற்றமா? 'பகிடிதானே, இதில் என்ன பாதகம்?' என்பார் பலர். 'சிரிப்பே கூடாது' என்பார் சிலர். இரண்டும் சிந்திக்கச் சோம்பியவர் கூறும் விடைகள். சிரிப்பு மனிதரை இணைக்கவும் வல்லது, பிரிக்கவும் வல்லது. எந்தச் சிரிப்பு எந்தப் பணியைச் செய்கிறது என ஆராய்வதே நமது கடமை.

இந்த ஆராய்ச்சிக்கு வன்னிப் பெருநிலம் மிகவும் தகுந்த களம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில் உள்ள எமது தர்மபுரத்தையே எடுத்துக்கொள்வோம். இங்கு காடு வெட்டிக் கழனி கண்டவர்களுள் ஒரு சாரார் யாழ்ப்பாணக் குடாநாட்டினர். மற்றொரு சாரார் மலையகத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். பின்னவரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கு பிரித்தது. எஞ்சிய 150,000 பேரின் தலைவிதியைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தது. 1958, 1977, 1983 ஆண்டுகளின் வன்செயல்களும், 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களைப் பீடித்த பட்டினியும் அம்மக்களை வடக்கு நோக்கித் துரத்தின. அக்காலத்தில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையால் வன்னியில் மிளகாய்ச் செய்கை பெருகியிருந்தது. தோட்டத்தில் இறங்கி உழைக்கக் கைகள் தேவைப்பட்டன.

தமிழரிடம் தமிழர் அடைக்கலம் தேடி வந்தனர். அவர்களுக்குக் கிடைத்தவை யாவை? கூலி வேலை கிடைத்தது. கூடவே 'தோட்டக்காட்டான்', 'வடக்கத்தியான்' என்ற பட்டங்களும் கிடைத்தன. நாட்டின் வடக்கே இருப்பவன், தெற்கிலிருந்து தன்னை நாடி வந்தவனை 'வடக்கத்தியான்' என்று அழைத்த விந்தையை என்னென்பது!

பட்டத்துக்கு முன்னே வந்தது பேச்சு பற்றிய நகைப்பு. இருந்தவர் 'கதைப்பார்', வந்தவர் 'பேசுவார்'. இவருக்கு 'விளங்கும்'; அவருக்குப் 'புரியும்'. இவர் 'ஓம்' என்பார். அவர் 'ஆமாங்க' என்பார். அந்த 'ஆமாங்க' என்ற ஒரு சொல் போதும், வகுப்பறையின் பின்வரிசையில் சிரிப்பொலி எழ. மறுநாள் அந்தப் பிள்ளை விடை தெரிந்தும் வாய் திறப்பதில்லை. ஆசிரியர்களாகிய நாம் அந்த மௌனத்தை 'மந்தம்' என்று குறித்துக்கொள்கிறோம்.

இந்த நகைப்புக்கு மொழியியல் நியாயம் ஏதும் உண்டா? இல்லை. 'உது', 'உவன்' என்னும் சுட்டுகளை யாழ்ப்பாணப் பேச்சு இன்றும் காத்து வருகிறது. அது பெருமைக்குரியதே, தொல்காப்பியம் கூறும் மூன்று சுட்டெழுத்துக்களுள் உகரமும் ஒன்று. ஆனால் அதே தொல்காப்பியம் பல நிலத்தாரும் வழங்கும் சொற்களைத் 'திசைச்சொல்' எனப் பெயரிட்டுச் செய்யுளுக்கு உரியனவாக ஏற்றுக்கொண்டது. இலக்கணம் கதவைத் திறந்து வைத்திருக்க, நாம் படலையைச் சாத்துகிறோம்.

பிழையான தமிழைக் கேட்டால் சிரிப்பு வருவது இயல்பு என்பாருக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். இலண்டனிலிருந்தோ ரொறொன்ரோவிலிருந்தோ விடுமுறைக்கு வரும் பிள்ளை தட்டுத்தடுமாறித் தமிழ் கதைக்கிறது. ஊர் அதைக் கேட்டுச் சிரிக்கத்தான் செய்கிறது. ஆனால் அச்சிரிப்பில் செல்லமும் பெருமையும் கலந்திருக்கின்றன. பிழையற்ற தமிழ் பேசும் கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கோ ஏளனம் பரிசாகிறது. நகைப்பின் வேர் நாவில் இல்லை, நிலத்தில் இருக்கிறது என்பது இதனால் தெளிவாகும். காணி உடையவன் யார், அக்காணியில் கூலிக்கு நிற்பவன் யார் என்பதைச் செவி அறிந்துகொள்கிறது. பிறகே உதடு சிரிக்கிறது.

நகைக்கு நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினைத் தொல்காப்பியர் கூறுவர். நகைச்சுவைக்குப் பொருளாவனவற்றை எடுத்துரைக்கும் பேராசிரியர் என்னும் பழைய உரையாசிரியர், ஆரியர் கூறும் தமிழைக் குருடரும் முடவரும் நடக்கும் நடையோடு ஒரே வரிசையில் வைக்கிறார். அக்காலச் சமூகம் எவற்றைக் கண்டு சிரித்தது என்பதற்கு அஃது ஒரு சான்று. இன்று முடவரின் நடையைக் கண்டு சிரிப்பவனை நாம் மனிதனாக மதிப்போமா? அவ்வரிசையில் ஒன்றை அநாகரிகமென விலக்கிவிட்டு, மற்றொன்றை மட்டும் பொழுதுபோக்காக வைத்துக்கொள்வது எந்த அறம்?

பேச்சைக் கொண்டு ஆளைத் தரம் பிரிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பிறர் சொல்லி நாம் அறிய வேண்டியதில்லை. 1983 யூலையில் பஸ்களை மறித்த கும்பல்கள், வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்ற சிங்களச் சொல்லை உச்சரிக்கச் செய்து தமிழரை அடையாளம் கண்டன. வகுப்பறைப் பகிடியும் அந்தக் கொலைவெறியும் ஒன்றல்ல. ஆயினும் 'இவன் நம்மவனல்லன்' என்று நாவைக் கொண்டு தீர்ப்பளிக்கும் பழக்கம் இரண்டுக்கும் பொது.

இருந்தவர் என்றும் இருந்தவராகவே நிலைப்பதுமில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணமே பெயர்ந்தது. அம்மக்களுட் பலர் இதே வன்னியில் மரநிழலிலும் கொட்டிலிலும் குடியிருந்தனர். கடல் கடந்து தமிழகம் சென்றவரின் பேச்சோ அங்கே வேடிக்கையாயிற்று. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'தெனாலி' படத்தில், அஞ்சி அஞ்சி வாழும் ஈழத்து அகதியின் தமிழ் திரையரங்குகளைச் சிரிக்க வைத்தது. அதனை அன்பின் சிரிப்பென்று கொண்டவரும் உண்டு. மனம் நொந்தவரும் உண்டு. நொந்தவர்கள் தம் ஊரில் 'ஆமாங்க' என்ற சொல்லுக்கு எழுந்த சிரிப்பையும் நினைத்துப் பார்த்தல் நன்று.

அவ்வாறாயின் பகிடியே வேண்டாமா? வேண்டும். சிரிப்பு இல்லாத ஊரில் அயலவர் நண்பராவது அரிது. யாழ்ப்பாண வழக்கில் 'அம்மா என்னைப் பேசினா' என்றால் 'ஏசினார்' என்பது பொருள். 'எங்க அம்மா தினமும் என்கூடப் பேசுவாங்க' என்று மலையகத்துப் பிள்ளை சொன்னதும், 'ஐயோ, ஒவ்வொரு நாளும் பேச்சு வாங்குகிறாயா?' என்று அடுத்திருந்த பிள்ளை இரங்க, இருவரும் சேர்ந்து சிரித்தால் அங்கே ஒரு சொல்லுக்கு இரு பொருள் கிடைக்கிறது. இருவருக்கும் ஒரு நட்புக் கிடைக்கிறது. அளவுகோல் இதுவே: சிரிக்கப்பட்டவன் திருப்பிச் சிரிக்க முடியுமா? முடியுமாயின் அது தோழமை. கூலியை இழக்க நேருமோ, குடியிருக்கும் நிலத்தை விட்டு எழ நேருமோ என்றஞ்சி அவன் வாய் மூடி நிற்பானாயின் அது எள்ளல்.

ஆகவே வரவேற்பு என்பது இனிய சொல் மட்டுமன்று. 1970களின் பிற்பகுதியில் காந்தீயம் இயக்கம் வவுனியாப் பகுதியில் மலையக மக்களுக்கு நிலம் காட்டியது. பாலர் பள்ளிகளை நடத்தியது. கட்டடக்கலைஞர் டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் அதற்காகச் சிறை புகுந்தனர். இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். வரவேற்பின் விலையை அவர்கள் அறிந்திருந்தனர்.

நம்மிடம் கேட்கப்படுவது அத்துணைப் பெரிய விலையன்று. 'கதைத்தல்', 'பேசுதல்' இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதுவோம். உழுதவன் பெயரில் காணிப் பத்திரம் எழுதப்பட வேண்டுமென்று கேட்கும் குரலோடு நம் குரலையும் சேர்ப்போம். வந்தவனுக்கு முதலில் பாய் விரிப்போம். அவன் அமர்ந்த பின்னர்ப் பகிடி விடுவோம். அவன் நம் பேச்சைக் கேட்டுச் சிரிக்கும் நாளே அவன் குடிவந்த நாள்.