பின்முடியில் என்ன இருக்கிறது

மலையேற்றப் பித்துப் பிடித்த என் அலுவலக நண்பர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு எக்செல் தாள் உண்டு. கூடாரம் 980 கிராம், ஸ்லீப்பிங் பேக் 740, மழைக்கோட்டு 210, கைப்பிடியைப் பாதியாக வெட்டிய டூத் பிரஷ் 9. சாப்பாடு, தண்ணீர், அடுப்பு எரிபொருள் நீங்கலாக மொத்தம் நாலரைக் கிலோவுக்குள் வந்துவிட்டால் அவர் ‘அல்ட்ராலைட்’ ஆள். 10 பவுண்டு என்று அமெரிக்காவில் போட்ட கோடு அது. இங்கே கொல்லிமலைக்கு இரண்டு நாள் போகிறவரும் அதைத் தாண்டினால் வெட்கப்படுகிறார். கேலி செய்யவில்லை. எனக்கும் ஒரு தாள் இருக்கிறது, அதில் பிவட் டேபிள்கூட உண்டு.

எடை குறைந்தால் முட்டிக்கு நல்லது, அதில் விவாதமே இல்லை. என்னை உறுத்துவது அந்தப் பேச்சில் மெல்ல ஏறிவரும் ஒரு அறத்தொனி. “ஒவ்வொருத்தனும் அவன் பயத்தைத்தான் பையில சுமக்கிறான்” என்பார்கள். அப்படியானால் குறைவாகச் சுமப்பவன் தைரியசாலி, பற்றற்றவன், கிட்டத்தட்ட ஞானி. இரண்டாவது போர்வை எடுத்துவந்தவன் கோழை. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பையிலிருந்து எடுத்துப்போட்ட அந்த எடை எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் மழையை எடுத்துக்கொள்வோம். விளம்பரத்துக்கும் நம் ஊருக்கும் இடைவெளி அதிகம் இருப்பது அங்கேதான். 1969இல் பாப் கோர், சூடாக்கிய டெஃப்லான் தண்டை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தபோது அது நுண்துளைகள் நிறைந்த பொருளாக நீண்டது. கோர்டெக்ஸ் பிறந்த கதை அதுதான். தண்ணீர்த் துளி உள்ளே வராது, வியர்வையின் ஆவி வெளியே போகும் என்பது அதன் வாக்குறுதி. பொய்யில்லை. ஆனால் ஆவி தானாக வெளியே போகாது. உள்ளே அழுத்தம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் போகும். கோட்டுக்குள் 33 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்று இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் அதன் ஆவியழுத்தம் சுமார் 50 ஹெக்டோபாஸ்கல். வெளியே ஐரோப்பிய மலையில் 5 டிகிரி மழை என்றால் அங்கே சுமார் 9. வித்தியாசம் 41. நம் ஊர் ஐப்பசி மழையில் வெளியே 25 டிகிரி, சுமார் 32. வித்தியாசம் 18. தள்ளும் விசை பாதிக்கும் கீழே. பதினைந்தாயிரம் ரூபாய்க் கோட்டைப் போட்டுக்கொண்டு விராலிமலைச் சாலையில் நடந்தால் வெளியிலிருந்து நனைய மாட்டீர்கள், உள்ளிருந்து நனைவீர்கள்.

ஆகவே நடக்கிறவருக்குக் குடை, காற்று அடித்தால் பக்கவாட்டில் திறந்த பொஞ்சோ. வண்டியில் போகிறவருக்கு மட்டும் மேலும் கீழும் தனித்தனியாக உள்ள ரெயின்கோட். எங்கள் அப்பத்தா உரச்சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் குத்திவிட்டு முக்காடாகப் போட்டுக்கொண்டு நாற்று நடப் போவார். தலையும் முதுகும் மறையும், முன்பக்கம் முழுக்கத் திறந்திருக்கும். குனிந்து வேலை செய்யும் உடம்புக்கு மழை விழுவது முதுகில்தானே. காற்றோட்டப் பிரச்சினையைச் செலவே இல்லாமல் தீர்த்த வடிவமைப்பு என்று நான் அதைச் சொன்னால் அலுவலகத்தில் சிரிக்கிறார்கள்.

படுக்கை விஷயம் சுருக்கமாக. சமவெளியில் கோரைப்பாயும் ஒரு பருத்திப் போர்வையும் போதும். கொடைக்கானல் மாதிரி இடத்தில் இரவுக் குளிர் தரையிலிருந்துதான் ஏறும். மேலே எவ்வளவு போர்த்தினாலும் முதுகுக்குக் கீழே நசுங்கிய பஞ்சு வெப்பத்தைத் தாங்காது. அதனால் போர்வையைவிட அடியில் விரிக்கும் ஃபோம் பாய்க்குக் காசு செலவழியுங்கள். பறவை இறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக் நனைந்தால் உப்பலை இழந்து வெறும் துணியாகிவிடும், மழைக்காலத்துக்கு ஆகாது. இவ்வளவுதான். இதற்கு மேல் பேசுவதெல்லாம் கடைக்காரர் பேசுவது.

ஆவூருக்கு வருகிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலைப் பக்கம் உள்ள சிற்றூர். பழைய கத்தோலிக்கக் கோயிலும், ஈஸ்டரை ஒட்டி நடக்கும் பாஸ்கா நாடகமும் தேரும் அதன் அடையாளம். மதுரை மிஷன் என்றழைக்கப்பட்ட இயேசு சபைப் பணித்தளங்களில் ஒன்று. வெனான்சியுஸ் புஷே பாதிரியார் இங்கே கோயில் எழுப்பினார், வீரமாமுனிவரும் இங்கே பணியாற்றியிருக்கிறார். இவர்களுக்கெல்லாம் முன்னோடி 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி. ஐரோப்பிய அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி உடுத்தி, கமண்டலம் ஏந்தினார். என்ன உடுத்தலாம், என்ன அணியலாம் என்ற சண்டை ரோம் வரை போய், 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். ஒரு மனிதனின் உடைத் தேர்வுக்கு இவ்வளவு பெரிய கோடு ரிவ்யூ வேறு எங்கும் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தத் தேர்வில் மழையோ வெயிலோ அளவுகோல் அல்ல. திண்ணையில் உட்காரச் சொல்வார்களா, சோறு போடுவார்களா என்பதுதான் கேள்வி. காவியும் கமண்டலமும் “நான் உங்களை நம்பி வந்திருக்கிறேன்” என்று பார்ப்பவருக்குச் சொல்கிற அறிவிப்பு. பையில் இல்லாததை எல்லாம் ஊர் தர வேண்டும். துறவியின் மூட்டை சிறிதாக இருப்பதற்கு அவருடைய வைராக்கியம் பாதிக் காரணம், ஊரின் அரிசிப்பானை மீதிக் காரணம்.

ஆவூரிலிருந்து பைக்கில் தெற்கே போனால் ஒரு மணி நேரத்துக்குள் சித்தன்னவாசல். ஓவியம் பார்க்கப் போகிறவர்கள் ஏழடிப்பட்டத்துக்கும் ஏற வேண்டும். இயற்கைக் குகைத்தளத்தில் வழவழவென்று செதுக்கிய 17 கற்படுக்கைகள், தலைமாட்டில் கல்லிலேயே தலையணை. சமண முனிவர்கள் படுத்த இடம். இவர்களைவிடக் குறைவாகச் சுமந்தவர்கள் உலகில் இல்லை. திகம்பர முனிவருக்கு மயிற்பீலியும் கமண்டலமும்தான், ஆடையே கிடையாது. மழைக்கு அவர்களுடைய விடை இன்னும் எளிது: நடக்காதே. மழைக்காலத்தில் மண்ணில் எங்கும் உயிர்கள் முளைத்திருக்கும், மிதிபடும். அதனால் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்கிவிட வேண்டும். பௌத்தத்திலும் மூன்று மாத மழைக்கால வாசம் உண்டு.

அந்தப் படுக்கைகளில் பெரிய ஒன்றில் தமிழ்-பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. சில சொற்களைப் படிப்பதில் அறிஞர்களிடையே வேறுபாடு உண்டு, சாரம் தெளிவு. வேறொரு நாட்டில், குமுழூரில் பிறந்த ஒருவருக்கு, இளையர் என்பவர் செய்துகொடுத்த இருக்கை இது. முதல் தடவை படித்தபோது நான் அந்த இளையரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமே சுமக்காமல் வந்தவருக்காக இவர் ஒரு பாறையைச் சுமந்திருக்கிறார், உளியால். முனிவரின் பையிலிருந்து இறங்கிய எடை எங்கே போனது என்பதற்குக் கல்லிலேயே ரசீது இருக்கிறது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. முனிவர் அதை மறைக்கவும் இல்லை. சமைக்கக் கூடாது, அடுத்தவர் கையால்தான் உண்ண வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டவர், தினமும் ஒரு வேளையாவது “நான் உன்னைச் சார்ந்தவன்” என்று ஊர் முன்னால் நின்று ஒப்புக்கொள்கிறார். நம் அல்ட்ராலைட் பையிலும் எடை இடம் மாறித்தான் இருக்கிறது. சம்பளத்துக்கு, எங்கேயோ உள்ள ஆலைக்கு, கால் பிசகினால் ஸ்ட்ரெச்சர் தூக்கிவரப்போகும் வனத்துறைக் காவலருக்கு. ஆனால் எக்செல் தாளில் அவர்களுக்குப் பத்தி கிடையாது. அதனால் அது சொந்தச் சாதனை மாதிரித் தெரிகிறது.

எம்மா கேட்வுட் கதையை அல்ட்ராலைட் ஆட்கள் அடிக்கடி சொல்வார்கள். 1955இல், 67 வயதில், அப்பலாச்சியன் டிரெயிலின் மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரைத் தனியாக நடந்து முடித்தவர். கூடாரம் இல்லை, ஸ்லீப்பிங் பேக் இல்லை. தானே தைத்த துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டார், காலில் கேன்வாஸ் ஷூ, மழைக்குக் குளியலறை பிளாஸ்டிக் திரை. சரி. அவர் வழியில் தெரியாதவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிச் சாப்பாடும் படுக்கையும் கேட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? கேட்கும் தைரியம்தான் அவர் பையில் இருந்த கனமான பொருள் என்று எனக்குத் தோன்றுகிறது. நம்மில் பலர் அதை வாங்க முடியாமல்தான் டைட்டானியம் வாங்குகிறோம்.

இதற்கு நேர் எதிர்க் கோஷ்டியும் உண்டு. 72 மணி நேரத்துக்கான அவசரப் பையைக் கதவோரம் தயாராக வைத்திருப்பவர்கள். கத்தி, டார்ச், தண்ணீர் வடிகட்டி, மடித்த தார்ப்பாய். நல்ல பழக்கம்தான், 2015 டிசம்பரில் சென்னையில் இருந்த யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பட்டியல்களைப் படித்தால் ஒன்று புலப்படும். எல்லாமே ஒருமை. ஒரு தட்டு, ஒரு போர்வை, ஒரு ஆள். பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் கற்பனையில் இல்லவே இல்லை, இருந்தால் திருட வருபவராக இருக்கிறார்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையைக் கடந்தது. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னைகள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. ஓடும் கூரையும் போய், ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம்தான் வீடு. மின்சாரம் வரப் பல இடங்களில் வாரக்கணக்கானது. நாங்கள் சில நண்பர்கள் ஒரு வேனில் தார்ப்பாய், பாய், போர்வை ஏற்றிக்கொண்டு போனோம். வீட்டுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு டோக்கன் அடித்துவைத்திருந்தோம், எஞ்சினியர்கள் இல்லையா. ஒரு ஆத்தா வரிசையில் வந்து பாயை வாங்கிக்கொண்டு நகரவில்லை.

“தம்பி, இன்னொண்ணு குடு.”

“வீட்டுக்கு ஒண்ணுதான் ஆத்தா.”

“எனக்குன்னா கேட்டேன்? அந்தத் தெருக்காரங்க நாலு பேரு எங்கூட வந்து கெடக்குறாக. வந்தவகள மண்ணுல போடச் சொல்றியா?”

கொடுத்துவிட்டோம், அது பெரிய விஷயமில்லை. அவர் வீட்டிலும் பாதிக் கூரைதான் இருந்தது. வெள்ளம் வந்தாலும் புயல் வந்தாலும் படுக்கை என்பது ‘எனக்கு’ என்ற கணக்கில் வராது என்று அவர் நினைத்ததில் துறவும் இல்லை, பதுக்கலும் இல்லை. என் நண்பர்கள் சொல்லும் பயமும் அவரிடம் இருந்தது, நன்றாகவே இருந்தது. அது வேறு யாருக்காகவோ இருந்தது.

இதை யோசிக்கும்போதெல்லாம் சபரிமலை இருமுடிதான் நினைவுக்கு வரும். நான் பக்திக்குள் போகவில்லை, பை வடிவமைப்பாக மட்டும் பாருங்கள். ஒரே துணி, இரண்டு அறை. முன்முடியில் சாமிக்கானது, நெய்த்தேங்காயும் பூஜைப் பொருளும். பின்முடியில் தன் வழிச்செலவுக்கானது. எவ்வளவு தூரம் நடந்தாலும் முன்னால் இருப்பது உன்னுடையது அல்ல. சுமையின் ஒரு பகுதி சுமப்பவனுக்குச் சொந்தமில்லை என்பதைத் தையலிலேயே வைத்துவிட்டார்கள். எடை குறைப்பதா கூட்டுவதா என்பதைவிட, எவ்வளவு யாருக்கு என்ற கேள்வி எனக்குச் சரியானதாகப் படுகிறது.

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். மடக்கினார். “அவனவன் அவன் பையை ஒழுங்கா கட்டிட்டு வந்தா அடுத்தவனுக்கு நீ எதுக்குடா சுமக்கணும்? இல்லாத ஒருத்தனுக்காக முட்டியைத் தேச்சுக்குவியா?” கேள்வி நியாயமானது. மலையில் தனக்கே போதாமல் அடுத்தவருக்கு எடுத்துப்போனால் இரண்டு பேராகத் தூக்கிவர வேண்டியிருக்கும். ஆனால் ‘அவனவன் பை’ என்பது பை கட்ட நேரமும் காசும் கிடைத்தவர்களுடைய வாதம். 2020 மார்ச் இறுதியில் நெடுஞ்சாலைகளில் நடந்தவர்களின் தோளிலும் ஒரு பைதான் இருந்தது. அதன் எடை குறைவாக இருந்ததை யாரும் அல்ட்ராலைட் என்று சொல்லவில்லை.

இப்போது நான் செய்வது சின்ன விஷயம். ஒற்றை ஆள் பிவி பைக்குப் பதில் மூன்றுக்கு இரண்டு மீட்டர் தார்ப்பாய் ஒன்று, கூடுதலாக 400 கிராம். அலுவலகப் பையில் மடக்குக் குடைக்குப் பதில் நீளக் குடை, பஸ் ஸ்டாண்டில் இன்னொருவரும் நிற்கலாம். என் தாளில் எடைக்குப் பக்கத்தில் ‘எத்தனை பேருக்கு’ என்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். தார்ப்பாய்க்கு எதிரே 3 போட்டேன், குடைக்கு 2, ஸ்லீப்பிங் பேக்குக்கு 1. டூத் பிரஷுக்கும் 1 தான், அதில் ஒன்றும் செய்ய முடியாது.